ஈஸ்ட்டைக் கொல்லும் ஈஸ்ட்... ‘கில்லர் ஈஸ்ட்’ என்றால் என்ன? அதன் விஷம் மருந்தாகுமா?

பேக்கரியில் பன்னை உப்ப வைப்பது ஈஸ்ட். பீர், ஒயின் ஆலைகளில் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவதும் ஈஸ்ட்தான். பார்க்க ரொம்ப சாது. ஆனா இந்த ஈஸ்ட்டிலேயே சில ரகங்கள் பக்கத்தில் இருக்கும் சொந்தக்கார ஈஸ்ட்டை விஷம் வைத்துக் கொல்பவை. விஞ்ஞானிகள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயரே ‘கில்லர் ஈஸ்ட்’.

பெயர் சினிமா டைட்டில் மாதிரி இருந்தாலும், பின்னால் இருக்கும் கேள்வி சீரியஸானது. மருத்துவமனைகளில் பரவும் பூஞ்சைத் தொற்றுகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்க்கொண்டிருக்கின்றன. புதிய மருந்துகளோ குறைவு. பூஞ்சையைக் கொல்லும் விஷத்தை ஒரு பூஞ்சையே தயாரித்து வைத்திருக்கிறது என்றால், அதை எடுத்து மருந்தாக்க வேண்டியதுதானே?

அவ்வளவு சுலபம் இல்லை. ஏன் இல்லை, அப்படியானால் இந்த விஷத்தால் இதுவரை என்னதான் பயன்? விரிவாகப் பார்க்கலாம்.

1963-ல் தெரியவந்த கொலை

ஈஸ்ட் என்பது ஒரே செல்லால் ஆன பூஞ்சை. ரொட்டி, பீர், ஒயின் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பயன்படுவது ‘சாக்கரோமைசிஸ் செரிவிசியே’ என்ற இனம்.

1963-ல் பெவன், மேக்கோவர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இனத்தில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இரண்டு ரக ஈஸ்ட்டை ஒன்றாக வளர்த்தால், சில ஜோடிகளில் ஒரு ரகம் மட்டும் செத்துப்போனது. அவர்கள் ஈஸ்ட் ரகங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கொல்பவை, சாகிறவை, கொல்லவும் கொல்லாமல் சாகவும் சாகாமல் நடுவில் நிற்பவை.

ஒரு ஈஸ்ட் கொலைகாரனா இல்லையா என்று கண்டுபிடிக்கும் சோதனை இன்றைக்கும் எளிமையானதுதான். கொஞ்சம் புளிப்பான அகர் தட்டில் மெத்திலீன் புளூ சாயத்தைக் கலக்க வேண்டும். விஷத்துக்குச் சாகும் ஈஸ்ட்டைத் தட்டு முழுக்கப் பரப்பி, சந்தேகத்துக்குரிய ஈஸ்ட்டை நடுவில் ஒரு பொட்டாக வைக்க வேண்டும். அதிகச் சூடு இல்லாத இடத்தில் இரண்டு, மூன்று நாள் விட்டுவிட வேண்டும்.

பொட்டு வைத்த ஈஸ்ட் கில்லர் என்றால், அதைச் சுற்றி எதுவும் வளராத ஒரு வெற்று வளையம் தெரியும். வளையத்தின் ஓரத்தில் நீலக் கறை. உயிருள்ள ஈஸ்ட் அந்தச் சாயத்தை நிறமற்றதாக மாற்றிவிடும். செத்த செல்லால் அது முடியாது. ஆக, அந்த நீலம் முழுக்கப் பிணங்கள்.

விஷம் ஈஸ்ட்டோடது இல்லை!

இங்கேதான் முதல் திருப்பம். விஷத்துக்கான செய்முறை ஈஸ்ட்டின் சொந்த டி.என்.ஏ-வில் இல்லை. ஈஸ்ட்டுக்குள் குடியிருக்கும் வைரஸிடம் இருக்கிறது.

1970-களில் நடந்த ஆய்வுகளில் இது தெளிவானது. கில்லர் ஈஸ்ட்டுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ-வால் ஆன இரண்டு வைரஸ்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் எல்-ஏ. இது தனக்கு வேண்டிய உறையைத் தானே செய்துகொள்ளும். இன்னொன்று எம். இதற்கு உறை செய்யத் தெரியாது, பெருகத் தெரியாது. எல்-ஏ செய்து வைத்த உறையில் ஏறிக்கொண்டு பிழைக்கும். ஓசிப் பயணம்தான். ஆனா விஷத்துக்கான குறிப்பு இந்த எம் கையில்தான் இருக்கிறது.

வைரஸ் என்றதும் கொரோனா, ஃபுளூ மாதிரி ஒரு செல்லிலிருந்து வெளியேறி இன்னொன்றைத் தொற்றும் என்று நினைக்கத் தோன்றும். இவை அப்படி இல்லை. ஈஸ்ட் செல்லை விட்டு வெளியே வருவதே கிடையாது. தாய் செல் பிரியும்போது மகளுக்குப் போகும். இரண்டு ஈஸ்ட் இணையும்போது கைமாறும். அவ்வளவுதான்.

சரி, இப்படி ஒரு ஒட்டுண்ணியை ஈஸ்ட் ஏன் வீட்டில் வைத்திருக்கிறது? காரணம் கொஞ்சம் குரூரமானது. விஷத்தைத் தாங்கும் சக்தியும் அதே எம் வைரஸ் மூலமாகத்தான் கிடைக்கிறது. பிரியும்போது ஒரு மகள் செல் வைரஸைத் தவறவிட்டால், கூடவே பாதுகாப்பும் போய்விடும். சுற்றிலும் அக்கா தங்கைகள் கக்கி வைத்த விஷம். அந்த மகள் பிழைக்காது. ஒருமுறை குடிவைத்தால் கைவிடவே முடியாத குடித்தனக்காரர் இந்த வைரஸ்.

இதற்காக ஈஸ்ட் கொடுத்த விலையும் சின்னது இல்லை. பல உயிரினங்களின் செல்லில் ‘ஆர்.என்.ஏ இடையீடு’ என்ற பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. 2006-ல் மருத்துவ நோபல் பெற்றுத்தந்த கண்டுபிடிப்பு இது. இரட்டை இழை ஆர்.என்.ஏ எங்கே கண்ணில் பட்டாலும் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஆனா ரொட்டி ஈஸ்ட்டில் இந்த ஏற்பாடு இல்லை. ஏன் என்பது நீண்ட காலப் புதிர்.

2011-ல் அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பார்ட்டெல், ஜெரால்ட் ஃபிங்க் ஆகியோரின் குழு ஒரு விடை சொன்னது. தொலைந்துபோன அந்த ஏற்பாட்டை ரொட்டி ஈஸ்ட்டுக்குள் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். கில்லர் வைரஸ் காணாமல் போனது! அதாவது காவல்காரரும் கொலைகாரரும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. ரொட்டி ஈஸ்ட்டின் வம்சம் காவல்காரரை வெளியே அனுப்பிவிட்டது என்பது அவர்களின் முடிவு.

கொல்வது எப்படி?

ரொட்டி ஈஸ்ட்டில் கே1, கே2, கே28 ஆகிய மூன்று விஷங்கள் நன்கு தெரிந்தவை. 2011-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒயின் ஈஸ்ட்டில் ‘க்ளஸ்’ என்ற நான்காவதைச் சேர்த்தார்கள். எல்லாமே புரதங்கள்.

கே1 ஓட்டை போடும் ரகம். எதிரி ஈஸ்ட்டின் செல் சுவரில் பீட்டா-1,6-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. கே1 முதலில் அதில் ஒட்டும். பிறகு உள்ளே இருக்கும் சவ்வுக்கு நகர்ந்து துளை போடும். பொட்டாசியம் முதலியவை வெளியே கசிய, செல் வடிந்து சாகும். மனித செல்லுக்கு இப்படியொரு சுவரே கிடையாது. மருந்து ஆசை கிளம்பியது இந்த இடத்தில்தான்.

கே28 வேலை பார்க்கும் விதமே வேற. இது ஓட்டை போடாது, உள்ளே போகும். செல்லுக்குள் புரதங்களை அனுப்பவும் திரும்பப் பெறவும் ஒரு தபால் ஏற்பாடு உண்டு. தவறி வெளியே போன சில புரதங்களின் வாலில் ‘திரும்ப அனுப்பவும்’ என்ற முத்திரை இருக்கும்; அதைப் பார்த்ததும் செல் பத்திரமாக உள்ளே கூட்டிப் போகும். கே28 அதே முத்திரையைத் தன் வாலில் குத்திக்கொண்டு வருகிறது. எதிரி செல்லின் தபால்காரரே அதைச் சுமந்து உள்ளே கொண்டுபோய் விடுகிறார். அங்கிருந்து உட்கருவுக்குப் போய், டி.என்.ஏ நகலெடுப்பதை நிறுத்துகிறது.

இதைவிட நுணுக்கமான விஷமும் உண்டு. பால் பொருட்களில் வளரும் ‘குளைவெரோமைசிஸ் லாக்டிஸ்’ என்ற ஈஸ்ட்டின் விஷத்துக்கான குறிப்பு வைரஸில் இல்லை. தனியே மிதக்கும் டி.என்.ஏ துண்டுகளில் இருக்கிறது. அந்த விஷம் எதிரியின் புரதத் தயாரிப்புக்குத் தேவையான டி.ஆர்.என்.ஏ-வைக் கத்தரித்துவிடும். புரதம் இல்லையென்றால் செல் வளராது, பெருகாது.

சரி, தன் விஷம் தன்னையே கொல்லாதா? கே28 விஷயத்தில் இதற்கு நல்ல விளக்கம் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தில் மன்ஃப்ரெட் ஷ்மிட் குழு 2006-ல் இதை வெளியிட்டது. கில்லர் ஈஸ்ட்டுக்குள் இன்னும் வெட்டி முடிக்காத, அரைகுறை விஷம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். வெளியிலிருந்து முழு விஷம் உள்ளே வந்தால், இந்த அரைகுறை அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். செல் அந்த முழு விஷத்துக்கு ‘குப்பை’ என்று அடையாளம் ஒட்டி அழித்துவிடும். ஆக, விஷத்துக்கு மாற்று மருந்து அதே விஷத்தின் முந்தைய வடிவம்தான்.

பாதியில் நின்றுபோகும் ஒயின்

இந்த விஷங்களின் பாதிப்பை முதலில் உணர்ந்தவர்கள் மது ஆலைக்காரர்கள். லாபமாக இல்லை, நஷ்டமாக.

ஒயின் தயாரிப்பில் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டைத் திராட்சைச் சாற்றில் போடுவார்கள். அது சர்க்கரை முழுவதையும் தின்று முடிக்க வேண்டும். ஆனா சில சமயம் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். சர்க்கரை அப்படியே இருக்கும், கெட்டுப்போக வைக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, பழத்தோடு கூடவே வந்த கில்லர் ஈஸ்ட், ஆலைக்காரர் போட்ட ஈஸ்ட்டைத் தீர்த்துக்கட்டுவது. பீர் ஆலையில் இப்படி ஒரு கொலைகார ரகம் நுழைந்ததை 1973-ல் பிரிட்டனின் மதுத் தயாரிப்புத் துறை ஆய்விதழ் பதிவு செய்திருக்கிறது.

தீர்வும் அங்கேயே கிடைத்தது. போடுகிற ஈஸ்ட்டே கில்லராக இருந்துவிட்டால்? ஜப்பானில் அரிசி மதுவான சாக்கேவுக்கு 1970-களிலேயே கில்லர் குணமுள்ள ஈஸ்ட்டை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். இன்று ஒயின் ஈஸ்ட் விற்கும் நிறுவனங்களின் விவரக் குறிப்பில் ‘கில்லர்’, ‘பாதிக்கப்படும்’, ‘நடுநிலை’ என்று ஒரு வரி சர்வசாதாரணமாக இருக்கும். உலகம் முழுக்கப் பயன்படும் ‘ஈ.சி.1118’ என்ற ரகமும் கில்லர்தான். ஆக, இந்தத் தொழில்நுட்பம் எப்போதோ வரப்போவது இல்லை. பல ஆண்டுகளாகப் பாக்கெட்டில் விற்கிறது.

எந்த விஷம் எங்கே வேலை செய்யும் என்பதையும் ஒயின்தான் கற்றுக்கொடுத்தது. கே1-க்கு பி.எச் அளவு 4.6-லிருந்து 4.8 வரை இருக்க வேண்டும். வெப்பமும் 25 டிகிரிக்குக் கீழே வேண்டும். ஒயினோ அதைவிடப் புளிப்பு. அந்தப் புளிப்பைத் தாங்குவது கே2. அதனால்தான் ஒயின் ஆலைகளில் கே2 ஆட்டம் போடுகிறது.

ஆனா இதை ரொம்பவும் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. கே1, கே2, கே28 மூன்றும் பெரும்பாலும் தன் இனத்தையும் நெருங்கிய சொந்தத்தையும் மட்டுமே கொல்லும். ஒயினைக் கெடுக்கும் மற்ற இன ஈஸ்ட்டுகள் இதற்கு மசியாது. பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஒயினைத் தெளிய வைக்கப் போடும் பென்டோனைட் களிமண்ணில் விஷப் புரதம் ஒட்டிக்கொண்டு காணாமல் போவதும் உண்டு.

ஒயின்காரர்களை உண்மையில் தூங்க விடாத எதிரி ‘பிரெட்டனோமைசிஸ்’ என்ற ஈஸ்ட். பல ஆயிரம் ரூபாய்க்கு விற்க வேண்டிய ஒயினில் குதிரை வியர்வை நாற்றத்தையும் பிளாஸ்திரி வாடையையும் கொண்டுவந்து சேர்க்கும். மரப் பீப்பாயின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும். இதற்கு இப்போதைய மருந்து கந்தக டை ஆக்சைடு. அது அதிகமானால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் அளவைக் குறைக்க வேண்டும் என்ற அழுத்தம் இருக்கிறது.

2004-ல் இத்தாலியின் அன்கோனா நகர ஆய்வாளர்கள், வேறு இரண்டு ஈஸ்ட் இனங்களின் விஷங்கள் பிரெட்டனோமைசிஸைக் கொல்வதாகக் காட்டினார்கள். ஒயினிலேயே அவை பல நாட்கள் செயலோடு இருந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனா கந்தகத்தை ஓரங்கட்டும் அளவுக்கு இது இன்னும் ஆலைகளுக்குள் வரவில்லை. கந்தகம் மலிவு, விஷப் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது செலவு. கணக்கு அங்கேதான் இடிக்கிறது.

பழம், தீவனம், கோதுமை

பறித்த பழம் அழுகுவதற்கு முக்கியக் காரணம் பூஞ்சை. ரசாயனத்துக்குப் பதில் நல்ல ஈஸ்ட்டைத் தெளித்துத் தடுக்கலாமா என்ற முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. அமெரிக்காவில் 1995-ல் ‘ஆஸ்பயர்’ என்ற ஈஸ்ட் தயாரிப்புக்கு அனுமதி கிடைத்தது; பிறகு அது சந்தையிலிருந்து மறைந்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பழத்தைக் காக்கும் ஈஸ்ட் எல்லாமே விஷத்தால் காப்பதாக எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இவை காயம்பட்ட இடத்தில் முதலில் போய் உட்கார்ந்து, சத்தையெல்லாம் தின்றுவிடுகின்றன. பின்னால் வரும் பூஞ்சைக்கு இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை. சிவப்பு நிறமி ஒன்றைச் சுரந்து இரும்புச் சத்தைக் கட்டிப்போடும் ‘மெட்ஷ்னிகோவியா’ ஈஸ்ட்டும் உண்டு. விஷம் இதில் ஒரு ஆயுதம் மட்டுமே.

மாட்டுத் தீவனத்தில் கதை கொஞ்சம் நேரடியானது. பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் மூடி, புளிக்க வைத்துச் செய்வது சைலேஜ் எனும் ஊறுகாய்ப் புல். குழியைத் திறந்ததும் காற்றுப்பட்டு ஈஸ்ட் பெருகும், புளிப்பைத் தின்றுவிடும், பின்னாலேயே பூஞ்சாணம் வந்து எல்லாம் கெடும். ‘வில்லியாப்சிஸ் மிராக்கி’ என்ற ஈஸ்ட்டின் விஷம் மற்றவை மாதிரி நோஞ்சான் இல்லை. சூட்டையும் தாங்கும், புளிப்பு, காரம் இரண்டையும் தாங்கும். பிரிட்டன் ஆய்வாளர்கள் அதன் மரபணுவை வேறொரு பூஞ்சைக்குள் வைத்து விஷத்தைத் தயாரித்து, சைலேஜிலும் தயிரிலும் ஈஸ்ட் வளர்வது தடுக்கப்படுவதை 2000-ல் காட்டினார்கள்.

சுவிட்சர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மக்காச்சோளக் கரிப்பூட்டை நோயை உண்டாக்கும் பூஞ்சையிலும் இதே போன்ற வைரஸ் விஷம் உண்டு. அதில் கே.பி.4 என்ற விஷத்தின் மரபணுவைச் சூரிச் நகரின் ஈ.டி.எச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோதுமைக்குள்ளேயே வைத்தார்கள். கோதுமைக்கு வரும் கரிப்பூட்டையைக் கோதுமையே தடுக்க வேண்டும் என்பது திட்டம். பல ஆண்டு எதிர்ப்புக்கும் சட்டச் சிக்கலுக்கும் பிறகு 2004-ல் சின்ன வயல் சோதனை நடந்தது. மரபணு மாற்றப் பயிர் என்ற எதிர்ப்பில் அந்த வழி ஐரோப்பாவில் பெரிதாக நகரவில்லை.

கேண்டிடா ஆரிஸை இது கொல்லுமா?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம்.

2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து புதிய ஈஸ்ட் ஒன்று கண்டறியப்பட்டது. ‘கேண்டிடா ஆரிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. 2013-ல் டெல்லி மருத்துவமனை நோயாளிகளின் ரத்தத்தில் இது இருந்ததாக அறிக்கை வந்தது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதது, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவக்கூடியது. உலக சுகாதார அமைப்பு 2022 அக்டோபரில் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் 19 பெயர்கள் இருந்தன. மிக அவசரம் என்ற முதல் பிரிவில் இருந்த நான்கில் இதுவும் ஒன்று.

பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்? பாக்டீரியா நமக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அதை மட்டும் குறிபார்த்து அடிக்கலாம். பூஞ்சை செல் கிட்டத்தட்ட மனித செல் மாதிரியே வேலை செய்யும். அதைக் கொல்லும் பல பொருட்கள் நம்மையும் படுத்தும். தீவிரத் தொற்றுக்குக் கைவசம் இருக்கும் மருந்து வகைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதனால்தான் செல் சுவரைத் தாக்கும் கில்லர் விஷம் ஆசை காட்டுகிறது. ஸ்பெயினில் கண்ட க்ளஸ் விஷம், தொற்று உண்டாக்கும் ‘கேண்டிடா அல்பிகன்ஸ்’ ஈஸ்ட்டையும் கொன்றது. வில்லியாப்சிஸ் விஷமோ பீட்டா-1,3-குளுக்கான் தயாரிப்பை நிறுத்துகிறது. இன்று ஐ.சி.யு-க்களில் கொடுக்கும் காஸ்போஃபஞ்சின் வகை மருந்துகள் தாக்குவதும் அதையேதான்.

அப்புறம் என்ன தடை? முதல் தடை நம் உடம்பு. ரத்தத்தின் பி.எச் 7.4, வெப்பம் 37 டிகிரி. பெரும்பாலான கில்லர் விஷங்கள் புளிப்பிலும் குளிர்ச்சியிலும் மட்டுமே உயிரோடு இருக்கும். நம் ரத்தத்தில் சுருண்டுவிடும். இரண்டாவது, இவை பெரிய புரதங்கள். விழுங்கினால் வயிறு செரித்துவிடும். ஊசியாகப் போட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்நியன் என்று பாய வாய்ப்புண்டு. மூன்றாவது, ஒரு விஷம் ஒரு சில இனங்களை மட்டுமே கொல்லும். எந்தக் கிருமி என்று உறுதியாகத் தெரிவதற்குள் நோயாளியின் நிலைமை கைமீறலாம்.

இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் லூசியானோ பொலோனெல்லியின் குழு. படத்தில் வில்லன் சோப்பில் சாவியை அழுத்தி அச்சு எடுத்து, அதிலிருந்து டூப்ளிகேட் சாவி செய்வாரே, கிட்டத்தட்ட அதே வேலை. விஷம்தான் சாவி. விஷத்துக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி, சோப்பில் பதிந்த அச்சு. அந்த ஆன்டிபாடிக்கு எதிராக இன்னொரு ஆன்டிபாடியை உருவாக்கினால், அது விஷத்தின் டூப்ளிகேட்! உடம்பின் வெப்பத்தில் சுருளாது.

அதையும் சுருக்கி, வெறும் பத்து அமினோ அமிலங்களில் ‘கில்லர் பெப்டைடு’ என்ற துண்டைச் செய்தார்கள். கேண்டிடா தொற்று உண்டாக்கிய எலிகளில் அது பலன் காட்டியது. மருந்துக்கடைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ரத்தத்தில் ஓடும் தொற்றைவிட, தோல், வாய் போன்ற மேற்பரப்புத் தொற்றுகளுக்குப் பூச்சாகப் பயன்படுத்துவதே நடைமுறைக்குப் பக்கத்தில் இருக்கும் வழி.

விஷம் மருந்தாகலை... ஆனா கத்திரிக்கோல் கிடைத்தது

கில்லர் ஈஸ்ட் ஆய்வின் மிகப் பெரிய பலன் விஷத்திலிருந்து வரவே இல்லை. விஷத்தை ஈஸ்ட் எப்படித் தயாரிக்கிறது என்று தோண்டியதில் வந்தது.

கே1 விஷம் முதலில் நீளமான ஒரே புரதமாக உருவாகும். அதைச் சரியான இடங்களில் வெட்டினால்தான் விஷமாகும். 1976-ல் அமெரிக்காவில் லீபோவிட்ஸ், ரீட் விக்னர் இருவரும் வைரஸ் இருந்தும் கொல்லத் தெரியாத ஈஸ்ட்டுகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் பழுதான ஒரு மரபணுவுக்கு ‘கெக்ஸ்2’ என்று பெயர். ‘கில்லர் எக்ஸ்பிரஷன்’, அதாவது கில்லர் குணத்தை வெளிக்காட்டுவது என்பதன் சுருக்கம். இன்னொரு விசித்திரம், இந்தப் பழுதான ஈஸ்ட்டில் ஒரு பாலினத்தால் ஜோடி சேரவும் முடியவில்லை.

கொலைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஜோடியை அழைக்கும் ஹார்மோனும் நீளமான புரதமாகப் பிறந்து, வெட்டப்பட்டுத்தான் தயாராகிறது. இரண்டையும் வெட்டுவது ஒரே கத்திரிக்கோல். 1984-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜெரமி தார்னர் ஆய்வகம் அந்தக் கத்திரிக்கோலின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர், மாணவராக இருந்த டேவிட் ஜூலியஸ். மிளகாய் ஏன் எரிகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2021-ல் நோபல் பரிசு வாங்கியவரும் இவரேதான்!

கெக்ஸ்2 கிடைத்ததும் மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம், நம் உடம்பிலும் இன்சுலின் முதல் பல ஹார்மோன்கள் நீளமாகப் பிறந்து, வெட்டுப்பட்டுத்தான் வேலைக்கு வருகின்றன. வெட்டும் கத்திரிக்கோல் எது என்று பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்டின் கெக்ஸ்2-வைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஜாடையில் மனித உடம்பில் தேடியபோது ஒரு குடும்பமே அகப்பட்டது. 1989-ல் ‘ஃபியூரின்’ என்ற மனிதப் புரதம் கெக்ஸ்2-வின் சொந்தம் என்பது தெரிந்தது. அடுத்தடுத்து, கணையத்தில் இன்சுலினை வெட்டித் தயார் செய்யும் இரண்டு கத்திரிக்கோல்களும் கிடைத்தன.

ஃபியூரின் என்ற பெயர் பழக்கமானதாகத் தோன்றலாம். கொரோனா காலத்தில் அடிபட்ட பெயர்தான். கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்தை வெட்டி, நம் செல்லுக்குள் நுழையத் தயார் செய்வதில் நம் உடம்பின் ஃபியூரினுக்குப் பங்கு உண்டு. வீரியம் மிக்க பறவைக் காய்ச்சல் வைரஸும் இதே கத்திரிக்கோலைத்தான் நம்பியிருக்கிறது.

கெக்ஸ்2 இன்று தொழிற்சாலைகளில் நேரடியாகவும் வேலை செய்கிறது. ஈஸ்ட்டை வைத்து இன்சுலின் தயாரிக்கும்போது, அந்தப் புரதத்தை செல்லுக்கு வெளியே தள்ள முன்னால் ஒரு ‘வழிகாட்டி வால்’ ஒட்டி அனுப்புவது பரவலான முறை. வெளியேறும் வழியில் அந்த வாலை வெட்டிக் கழிப்பது கெக்ஸ்2. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1980-களிலிருந்து ரொட்டி ஈஸ்ட்டில் இன்சுலின் எடுக்கிறது. பெங்களூருவின் பயோகான் நிறுவனம் ‘பிக்கியா’ என்ற இன்னொரு ஈஸ்ட்டில் தயாரித்த இன்சுலினை 2004-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கெட்ட கொலஸ்ட்ரால் ரொம்ப அதிகமாக இருந்து, மாத்திரைக்கும் இறங்காதவர்களுக்கு இதய மருத்துவர்கள் ஒரு புதுவகை ஊசி எழுதுவதுண்டு. அலிரோகுமாப், எவோலோகுமாப் என்ற இந்த மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. அவை தடுப்பது ‘பி.சி.எஸ்.கே.9’ என்ற புரதத்தை. அதுவும் இதே கத்திரிக்கோல் குடும்பத்தில் ஒரு உறுப்பினர். அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் ‘கே’ என்ற எழுத்து கெக்ஸின் என்பதைக் குறிக்கிறது. கெக்ஸின் என்பது கெக்ஸ்2 தரும் புரதம். அந்தக் கெக்ஸின் முதல் எழுத்துதான் ‘கில்லர்’.